‘முற்றும்’ நடுவில் வந்த படம்

அந்தப் படத்தை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் ஏற்காட்டுக்குக் கேபிள் டிவி வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது ஓடியது. கறுப்பு வெள்ளைப் படம். முடி வளர்த்த நான்கு வெள்ளைக்காரப் பையன்கள், மூன்று கிடார், ஒரு டிரம் செட். கொதித்துக்கொண்டிருந்த குழம்பை அப்படியே இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில், என்னோடு வேலை பார்த்த இங்கிலீஷ் வாத்தியாரிடம் ஆசையாகச் சொன்னேன். அவர் மூக்கைச் சுளித்தார்.

“அதெல்லாம் ஒரு படமா டீச்சர்? கதையும் இல்ல, கருத்தும் இல்ல. நாலு பேரு கத்திக்கிட்டே ஓடறானுங்க.”

கருத்துள்ள படங்களை நானும் பார்த்திருக்கிறேன். சேலம் வரை பஸ்ஸில் மலை இறங்கிப் போய், வரிசையில் நின்று, பாதிப் படம் தூங்கியும் இருக்கிறேன். அவற்றில் ஒன்றின் கருத்தும் இப்போது நினைவில்லை. இந்த நான்கு பேரும் எந்தச் சந்தில் திரும்பி ஓடினார்கள், எந்தப் போலீஸ்காரர் தொப்பியை ஆடு தின்றது என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதைத்தான் வாத்தியாரிடமும் சொன்னேன். ஒரே ஒரு குறை உண்டு என்றேன். டிவியில் அந்தப் படத்தை வரிசை மாற்றிப் போட்டுவிட்டார்கள். உலகம் முழுக்க அப்படித்தான் போடுகிறார்களாம். போடட்டும். சரியான வரிசை எங்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊர் வாழவந்தி. கொஞ்சம் நிலம் இருந்தது. சாமையும் தினையும் விதைப்போம், நான்கைந்து பலாமரம் உண்டு. காபி பழுக்கிற காலத்தில் அப்பாவும் அம்மாவும் நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குப் பறிப்புக்குப் போவார்கள். மாசியில் கடைசிப் பறிப்பு முடிந்த மறுநாள், எஸ்டேட் குடோனில் ஒரு சினிமா போடுவது வழக்கம். ஊரை விட்டுப் போன பழைய துரை ஒரு புரொஜெக்டரையும் மூன்று தகரப் பெட்டிகளில் ஒரே ஒரு படத்தையும் விட்டுப் போயிருந்தார். ஆகவே வருஷா வருஷம் அதே படம். ஜன்னல்களைச் சாக்கால் அடைத்து, இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்துக் கட்டி, மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பிப்பார்கள். குடோன் முழுக்கக் காபிக்கொட்டை வாசம். தரையில் சாக்கு விரித்து ஐம்பது அறுபது பேர் உட்காருவோம்.

ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. பெண்களே பேச்சை எல்லாம் போட்டுவிடுவார்கள். நால்வருக்கும் பேர்கூட வைத்திருந்தார்கள். டிரம் அடிக்கிறவன் குட்டையன். “ஓடு சாமி ஓடு, போலீஸு வாரான்!” என்று அம்மா கத்துவாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தொடையைத் தட்டித் தாளம் போடுவார். இருவரும் வீட்டில் அதிகம் பேசிக்கொள்ளாதவர்கள். அந்தக் குடோனில் மட்டும் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். எனக்குப் பார்க்கக் கூச்சமாக இருக்கும்.

கதையைச் சொல்லிவிடுகிறேன், எங்கள் வரிசையில். முதல் பெட்டி: நால்வரும் சாயங்காலம் ஓர் ஊரில் பாட வேண்டும், வேனைப் போலீஸ் பிடித்துக்கொள்கிறது, ஓடுகிறார்கள். அடுத்த பெட்டி ஒரு சாவு ஊர்வலத்தில் ஆரம்பிக்கும். கறுப்புக் கோட்டுப் பெரியவர்கள் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முகத்தைத் தொங்கப் போட்டு நடக்கிறார்கள். மூடி திறக்கிறது. குட்டையன் எழுந்து உட்கார்ந்து, கொட்டாவி விட்டு, பெட்டியின் ஓரத்தில் தாளம் போடுகிறான். மற்ற மூவரும் எங்கிருந்தோ வந்து சேர, துக்கத்துக்கு வந்தவர்கள் முதலில் காலை ஆட்டி, பிறகு இடுப்பை ஆட்டி, கடைசியில் ஊரே ஆடுகிறது. “நம்மூரு சாவாட்டவே இருக்குதுங்க” என்பார்கள் பெண்கள். பறை அடித்து ஆடி அனுப்புகிற ஊர்தானே எங்களுடையது. பிறகு பெரிய கச்சேரி நடக்கும். மூன்றாம் பெட்டியில் குட்டையன் ஒரு சவப்பெட்டிக் கடைக்குள் தனியாக நுழைவான். ஒவ்வொரு பெட்டியாகப் படுத்துப் பார்ப்பான். ஒன்று பிடித்துப்போய், அவனே உள்ளே படுத்து, அவனே மூடியை இழுத்துச் சாத்திக்கொள்வான். படம் முடிந்தது.

செத்தவன் எழுந்து ஆடினான், பாடினான், களைத்ததும் தானே போய்ப் படுத்துக்கொண்டான். எங்களுக்கு இதில் குழப்பமே இல்லை. ஏன் எழுந்தான் என்று ஒருவரும் கேட்டதில்லை.

குழப்பம் என்னிடமிருந்துதான் வந்தது. எட்டாம் வகுப்புக்கு ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தது. அந்த வருஷப் படத்தில், கச்சேரி முடியும் இடத்தில், திரையில் வந்த எழுத்துகளைப் படித்துவிட்டேன். ‘முற்றும்’ என்று போட்டிருந்தது. படம் நடுவில் முற்றும்! எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற யாரோ ஒரு ரைட்டர் என்றைக்கோ படப்பெட்டியை மாற்றி அடுக்கிவிட்டார், அதுவே நிலைத்துவிட்டது. குட்டையன் போலீஸுக்குப் பயந்து சவப்பெட்டிக்குள் ஒளிந்தவன், அவ்வளவுதான். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது. ஆனாலும் அப்போது சொல்லவில்லை.

அந்த ஆனி மாதம் அப்பா செத்துப்போனார். மழைக்கு முன்னால் எஸ்டேட்டில் நிழல் மரங்களின் கிளையைக் கழிப்பார்கள். சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் நின்று வெட்டிக்கொண்டிருந்தவர் தவறி விழுந்தார். வீட்டுக்குக் கொண்டுவரும்போது உயிர் இல்லை.

வீட்டில் எல்லாம் பெரியப்பா கைக்குப் போனது. கெட்டவர் என்று சொல்ல முடியாது. எங்களுக்குச் சோறு குறைத்தவர் இல்லை. ஆனால் துக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. வருஷம் திரும்பும் வரை அம்மா நோம்பி, திருவிழாவுக்குப் போகக் கூடாது, கல்யாண வீட்டு வாசலில் நிற்கக் கூடாது. தை மாதம் அவரே எங்களைச் சேலத்துக்குக் கூட்டிப்போய் ஒரு தமிழ்ப் படம் காட்டினார். புருஷனை இழந்தவள் படம் முழுக்க அழுகிற கதை. அம்மாவும் அழுதாள். இடைவேளையில் பெரியம்மா அவள் முதுகைத் தடவி, “அழுதுரு அம்மணி, மனசு லேசாகும்” என்றாள். திரும்பி வரும்போது மலைப்பாதை வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, எல்லோருக்கும் அம்மாவின் மேல் ஒரே பிரியம். ஆக சினிமா தப்பில்லை. அழுகிற சினிமாவாக இருந்தால் போதும்.

மாசி வந்தது. எஸ்டேட்டுக்குப் புதிதாக ஒரு ரைட்டர் வந்திருந்தார், சேலத்துக்காரர், சின்ன வயசு. கடைசிப் பறிப்பு அன்று அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அவர் புரொஜெக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு நாக்கு நிற்கவில்லை.

“ஏனுங்க, ரெண்டாவது பொட்டியும் மூணாவது பொட்டியும் மாறிக் கெடக்குதுங்க. நடுவுலயே ‘முற்றும்’னு இங்கிலீஷ்ல வருதுங்க.”

அவர் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அட, ஆமா கண்ணு! இத்தன வருசமா ஒருத்தருக்கும் தெரியலியா? நீ நல்லா வருவ போ.” எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வரை குதித்துக்கொண்டே வந்தேன். இப்போதும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

படத்தன்று காலை, அம்மா தலை சீவிக்கொண்டிருந்தாள். பெரியப்பா வாசலில் நின்றார்.

“எங்க அம்மணி பொறப்பாடு?”

“எஸ்டேட்டு சினிமாவுக்குங்க மாமா.”

“அந்தக் கூத்துக்கா? என்ற தம்பி போயி எட்டு மாசம் ஆவுல. நீ போயி பல்லைக் காட்டிட்டு ஒக்காந்திருப்ப, ஊரு என்னைய என்ன கேக்கும்? இங்க பாரு, போனீன்னா திரும்பி இந்த ஊட்டு வாசப்படி மிதிக்காத.”

அவர் சும்மா சொல்கிறவர் இல்லை. அத்தையை அப்படித்தான் ஒருமுறை அனுப்பிவிட்டார், அவள் திரும்பி வந்ததே இல்லை. அம்மா சீப்போடு என் பக்கம் திரும்பினாள். எனக்கும் தலை சீவி விட்டாள். ரெட்டைச் சடையை வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தாள்.

குடோனில் அவள் வழக்கமாக உட்காரும் முன்வரிசையில் இடம் இருந்தது. அவள் கடைசியில், சுவரோரம் போய் உட்கார்ந்தாள். பெண்கள் திரும்பிப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள்.

முதல் பெட்டி ஓடியது. அடுத்து, சவப்பெட்டிக் கடை. “இதென்ன, இப்பவே படுக்கறான்?” என்று யாரோ கேட்டார்கள். ரைட்டர், “பாருங்க, பாருங்க” என்றார். பிறகு ஊர்வலம். மூடி திறந்தது. குட்டையன் எழுந்து கொட்டாவி விட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை. உள்ளே ஒளிந்திருப்பவன் வெளியே வருவதில் என்ன இருக்கிறது? படம் முடிந்து ஜன்னல் சாக்கை எடுத்ததும் எல்லோரும் கண் கூச, சாக்கை உதறி எழுந்தார்கள். ரைட்டருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

“இப்பத்தானுங்க கதை சரியாப் புரியுது? இத்தன நாளும் தப்பாப் போட்டிருக்காங்க. இந்தக் கண்ணுதான் சொல்லுச்சு.”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. அப்போது கடைசி வரிசையிலிருந்து அம்மா எழுந்தாள். அந்த எட்டு மாதத்தில் நாலு பேர் நடுவில் அவள் குரல் எழும்பி நான் கேட்டதில்லை.

“ஏனுங்க ரைட்டரு, பழையபடி போடுங்க.”

“இதுதானுங்க சரி.”

“சரியா தப்பான்னு நாங்க கேக்கலீங்க. நாங்க வருசா வருசம் பாத்த படத்தப் போடுங்க. செத்தவன் எந்திரிச்சு ஆடோணும். ஆடி முடிச்சுட்டுத்தான் படுக்கோணும்.”

“ரெண்டு ரீலையும் திருப்பிச் சுத்தோணுமுங்க. நொம்ப நேரமாகும்.”

“இருக்கோமுங்க” என்றாள் அம்மா. நடந்துபோய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். யாரோ சாக்கை எடுத்து ஜன்னலில் திணித்தார்கள். ரைட்டர் முணுமுணுத்துக்கொண்டே சுற்றினார். பிறகு ஊர்வலம் வந்தது. மூடி திறந்தது. அம்மா சிரித்தாள். முதலில் அவள் மட்டும், பிறகு குடோன் முழுக்க. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலைத்துண்டு நழுவி விழுவது தெரியாமல் சிரித்தாள். அப்பா எழுந்து வருவதாக அவள் நினைத்துக்கொண்டாள் என்று யாராவது அர்த்தம் கற்பித்தால் எனக்குக் கோபம் வரும். பெட்டிக்குள் ஒருத்தன் கொட்டாவி விடுகிறான், அது சிரிப்பு, அதனால் சிரித்தாள். இருபது வருஷம் ஆனாலும் நாற்பது வருஷம் ஆனாலும் அந்தப் படம் நிற்பது அதனால்தான். இந்த இடத்தில் நீ இன்னது நினைக்க வேண்டும் என்று அது யாரையும் மிரட்டவில்லை.

பொழுது இறங்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்தோம். சேதி எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. பெரியப்பா நிலைப்படியை மறித்து நின்றார்.

“சிரிச்சியாமா?”

“ஆமாங்க மாமா.”

“வெக்கமா இல்ல?”

“இல்லீங்க. உங்க தம்பிக்காக அழுவறதுக்கு ஊரே வந்துச்சுங்க. நீங்களும் அழுதீங்க. அவருகூடச் சிரிச்சவ நான் ஒருத்திதானுங்க. அதையும் உட்டுப்போட்டா அவருக்குன்னு என்ன இருக்குது?” “இந்த ஊட்டுல பாதி அவரு கல்லு சொமந்து கட்டுனது. தள்ளி நில்லுங்க, அடுப்புப் பத்த வெக்கோணும்.”

அவர் தள்ளி நின்றார் என்று சொல்ல முடியாது. அம்மா அவரை இடிக்காமல், பக்கவாட்டில் உடம்பைத் திருப்பி, படியை மிதித்து உள்ளே போனாள். நான் வெளியே பெரியப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன். விறகு முறிகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், இருட்டிய சமையலறையிலிருந்து அம்மா தனியாக மறுபடி சிரிப்பது கேட்டது. கொட்டாவி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பெரியப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அது எந்த நிமிஷமும் அழுகையாக மாறும் என்று அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

மாறவில்லை.