துரைக்கண்ணு கொண்டுவந்த ஜப்பான் நோட்டு

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சடகோபன் யாரையும் நம்பமாட்டார். மலைமேல் கொடுக்கிற விபூதியைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் பூசுவார் என்று அவர் மனைவி கல்பனா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். முழுத் தப்பும் அவருடையது என்று சொல்லிவிட முடியாது. உலகப் போரில் மலேயாவைப் பிடித்த ஜப்பான்காரன் அங்கே அச்சடித்துவிட்ட நோட்டுகளைச் சேர்க்கும் பைத்தியம் அவருக்கு. ஆரம்பத்தில் ஆன்லைனில் ஆசை ஆசையாக வாங்கிய எட்டு நோட்டும் நேற்றடித்த நகல்கள். அன்றிலிருந்து மனிதர் சூடு கண்ட பூனை. எதைக் காட்டினாலும் "டூப்ளிகேட்" என்பதுதான் முதல் வார்த்தை.

ஆடிக்கிருத்திகைக் கூட்டம் கலைந்த மறுநாள், பொதட்டூர்பேட்டை நெசவாளி துரைக்கண்ணு அந்த ஜப்பான்காரன் அடித்த பத்து டாலர் நோட்டு ஒன்றை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வந்தார். வாழைக்குலைப் படம் போட்ட நோட்டு.

"விக்க வரல சார். எங்க நைனா மலேயாவுல இருந்தவரு. ஜப்பான்காரன் சயாமுக்கு இட்டுகினு போயி ரயில் ரோடு போட வெச்சான்னு சாவற வரிக்கும் சொல்லிகினு இருந்தாரு. அதெல்லாம் புளுகு, அந்த வருஷமெல்லாம் அவரு ஜெயில்ல கெடந்தாருன்னு என் தம்பி இப்ப ஊரெல்லாம் பேசிகினு திரியறான். அவரு அங்கேருந்து கொண்டாந்த இந்த நோட்டு நெஜந்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவன் வாயை அடைச்சிடுவேன்."

சடகோபன் வாங்கித் தடவிப் பார்த்தார். மொடமொடவென்று இருந்தது. எண்பது வருஷத்துக் காகிதம் தொளதொளத்துக் கிடக்க வேண்டாமா? இதுவோ தீபாவளி வேட்டி மாதிரி விறைத்து நிற்கிறது! யார் காதில் பூச்சுற்றப் பார்க்கிறான் இந்த ஆள் என்று உள்ளுக்குள் கறுவினார். லென்ஸை எடுக்கக்கூட இல்லை.

"டூப்ளிகேட், பெரியவரே. யாரோ உங்க நைனாவை ஏமாத்தியிருக்காங்க. இல்ல, அவரு உங்களை ஏமாத்தியிருக்காரு."

துரைக்கண்ணுவின் முகம் செத்துப்போனது. கையை நீட்டித் திரும்ப வாங்கினார். பிறகு நோட்டை இரண்டாகக் கிழித்து மேசைமேல் போட்டார்.

கிழிந்த ஓரத்திலிருந்து வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. சடகோபன் விரலில் தொட்டு முகர்ந்தார்.

"இதுக்குக் கஞ்சியா போட்டீங்க?"

"ஆங். ரொம்ப நஞ்சி போயிருந்தது சார். தறியில நூலு அறுந்துடாம இருக்கறதுக்குக் கஞ்சி போடறோம்ல, அதுலயே தோச்சிக் காயவெச்சேன்."

சடகோபன் இரண்டு துண்டுகளையும் தன் பக்கம் இழுத்தார். அவசரமாக லென்ஸை எடுத்தார். கஞ்சிக்கு அடியில் நைந்த மடிப்புகள், காகிதத்துக்குள் ஊறிப்போன பழைய மை, வரிசை எண், எல்லாம் இருக்க வேண்டியபடியே இருந்தன. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"பெரியவரே, இது அசல். சத்தியமா அசல்! நான்தான் சரியா பாக்கல. நம்பர் குடுங்க, உங்க தம்பிக்கு நானே போன் போட்டுச் சொல்றேன்."

துரைக்கண்ணு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வயசான ஆளு மனசு ஒடைஞ்சி போறானேன்னு பாவம் பாத்து சொல்றீங்க. எனக்குத் தெரியாதா சார்?"

துண்டுகளை எடுக்காமலேயே அவர் பொதட்டூர்பேட்டை பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.