எண்ணெய் தேய்த்த கை

தென்காசியில் நான் கணக்கெழுதிய மர அறுவை மில்லில் ஒரு வழக்கம் உண்டு. சாரல் கட்டியதும் முதலாளி எங்கள் எல்லோரையும் லாரியில் ஏற்றிக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவார். எண்ணெய்க் குளியல், அதன் பிறகு இலை போட்டுச் சாப்பாடு. தொழிலாளிகளின் முதுகில் அவரே எண்ணெய் தேய்த்துவிடுவார். இப்படி ஒரு மனுஷன் உண்டா என்று ஊரே மெச்சியது. எனக்கும் அந்த மயக்கம் இருந்தது.

அறுக்க வரும் மரத்தடிகளைத் தூக்குகிற ஒருவர் மட்டும் ஒரு வருடம் வரமாட்டேன் என்றார். தை மாதத்தில் செங்கோட்டை லோடை இறக்கும்போது ஒரு தடி உருண்டு அவர் தோளில் விழுந்திருந்தது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்தே வந்தார். காய்ச்சல் என்று சாக்குச் சொல்லிப் பார்த்தார். முதலாளி அவர் வீட்டு வாசலுக்கே லாரியை அனுப்பிவிட்டார்.

அருவிக்கரையில் அவரை உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தார். தோளுக்கு வந்ததும் கை நின்றது.

“தோளு எறங்கிருக்கே. எத்தன நாளா வலிக்கி?”

பெற்ற தாய் கேட்பதுபோல்தான் கேட்டார். இவர் கரைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். முதலாளி இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பதமாகத் தேய்த்தார். சாப்பிடும்போது தன் இலையிலிருந்த வடையை எடுத்து அவருக்கு வைத்தார்.

மறுநாள் காலையில் மில் வாசலில் மேஸ்திரி அவரைத் தடுத்தார். இனி வரவேண்டாமாம். அவரால் நம்ப முடியவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சிகிட்ட சொல்லுங்க, வலி போயிட்டுன்னு. அவுக கை பட்டதுமே போயிட்டு.”

உள்ளே போய் அப்படியே சொன்னேன். முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நல்லதாப் போச்சு. அப்பம் வேற எடத்துல வேல கெடைக்கும்லா.”

நாசமாய்ப் போக என்று மனதுக்குள் சபித்தேன். ஒவ்வொரு சாரலுக்குப் பிறகும் மில்லில் ஒன்றிரண்டு பேர் குறைந்துபோனது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த வருடமும் லாரி வந்தது. யாரும் காய்ச்சல் என்று சொல்லவில்லை. முதலாளி ஒவ்வொருவர் தோளாக அமுக்கி, வலிக்கிறதா என்று கேட்டார். ஒண்ணுமில்ல அண்ணாச்சி என்று ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். குளித்துவிட்டுப் போன ஒரு குடும்பம் நின்று பார்த்தது. கொடுத்துவைத்தவர்கள் என்று எங்களைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.