கேட்டிலிருந்து ஓட்டிய கார்

என் மனைவிக்குக் கீமோ ஏற்றிக்கொண்டிருந்த மாதங்களில் எங்கள் சாங்வி வீட்டைக் காவல் காத்தது ஒரு பொம்மைக் கார். சிவப்பு நிறம், செங்கல் உயரம், நெற்றியில் ஒரு கேமரா. கைப்பேசியில் விரலை வைத்துத் தள்ளினால் எந்த ஊரிலிருந்தும் அதை எங்கள் ஹாலில் ஓட்டலாம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கி அனுப்பியது. கூடவே கைப்பேசியில் திறக்கும் வாசல் பூட்டு, கைப்பேசியில் எரியும் விளக்கு, கைப்பேசியில் சுற்றும் ஃபேன். வர முடியாத பிள்ளை பார்சல் பார்சலாக வந்துகொண்டிருந்தான்.

"அப்பா, நீங்க ஆபீஸ்ல இருந்துக்கிட்டே அம்மாவைப் பாத்துக்கலாம்" என்றான்.

படித்த பிள்ளை. ஆனால் ஒரு சின்ன விஷயத்தை அவனும் மறந்தான், நானும் மறந்தேன். நான் குமாஸ்தாவாக இருப்பது தேஹு ரோடில், ராணுவக் கிடங்கில். உள்ளே கைப்பேசி கொண்டுபோக முடியாது. கேட்டில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். அதாவது வீட்டுக் கதவு, விளக்கு, காற்று, மனைவி எல்லாவற்றையும் ஒரே கைப்பேசிக்குள் அடைத்து, அதைத் தினமும் காலையில் ஒரு காவலாளி கையில் ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போனேன். இப்படி யோசிக்கத் தனி மூளை வேண்டும்.

விடுப்பெல்லாம் அவளுடைய ஆபரேஷனோடு தீர்ந்திருந்தது. அதனால் சாப்பாட்டு நேரத்தில் டிபனைத் திறக்காமல் கேட்டுக்கு ஓடுவேன். ஐம்பதைத் தாண்டியவன் மரத்தடியில் நின்று, நாக்கைத் துருத்திக்கொண்டு பொம்மைக் கார் ஓட்டுவதைப் பார்க்க லாரி டிரைவர்கள் கூடுவார்கள்.

"க்யா அண்ணா, லைசென்ஸ் ஹை?" என்பான் காவலாளி.

"லேர்னர்ஸ்தான் பாய்" என்பேன்.

கார் படுக்கையறைக்குள் போய், கட்டிலோரம் நின்று சைரன் ஊதும். மேலேயிருந்து அவள் குரல் வரும்.

"வந்துட்டாருய்யா இன்ஸ்பெக்டரு. உசுரோடதான் இருக்கேன். போய்ச் சாப்புடுங்க."

"மாத்திரை?"

"போட்டாச்சு. கட்டிலுக்கு அடியில ஒட்டடை தெரியுதுல்ல? சாயங்காலம் வந்து பெருக்குங்க."

அதற்கப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கும். அந்தக் கேமராவுக்கு மேலே பார்க்கத் தெரியாது. கட்டில் கால், அவள் செருப்பு, தொங்கப்போட்ட பாதம், அவ்வளவுதான் என் வீடு.

ஒரு கீமோ முடிந்த வாரம். கார் போய் ஊதியது. குரல் வரவில்லை. மறுபடி ஊதினேன். கட்டிலோரம் பாதமும் இல்லை, செருப்பும் இல்லை. பக்கத்தில் நின்ற டிரைவர் தன் போனை நீட்டினான். அதிலிருந்து அவளை அழைத்தேன். மணி அவள் தலையணைப் பக்கம் அடிப்பது கார் வழியாக எனக்கே கேட்டது. எடுக்க ஆளில்லை.

காரைத் திருப்பி ஓட்டினேன். ஹால் காலி. சமையலறை காலி. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

இனி நான் செய்ததற்குத் தாராளமாகச் சிரிக்கலாம். காரால் கதவை இடித்தேன். பொம்மைதானே, இடித்து இடித்துப் பின்னால் வந்தது. ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். ஹால் விளக்கை நீலமாக்கினேன், பச்சையாக்கினேன். எதற்கு என்று கேட்காதீர்கள். உள்ளே ஒருத்தி விழுந்து கிடக்கிறாள், இவன் தேஹு ரோடில் நின்றுகொண்டு வீட்டில் திருவிழா நடத்துகிறான்.

டிரைவரின் போனிலேயே எதிர்வீட்டு மராத்தி அம்மாளை அழைத்தேன். போனைக் காதில் வைத்தபடி எங்கள் வாசலுக்கு ஓடிவந்தார்.

"தர்வாஜா கோலோ, பாவு!"

திறந்தேன். அவசரத்தில் இன்னொரு முறை அழுத்திவிட்டேன், பூட்டிக்கொண்டது. திறந்தேன். பூட்டினேன்.

"அரே, ஏக் பார் கோலோ, ஃபிர் ஹாத் மத் லகாவ்!"

ஒருமுறை திற, அப்புறம் கையை வைக்காதே என்று அந்த அம்மாள் அங்கே கத்த, இங்கே காவலாளி என் கைப்பேசியைப் பிடுங்கி ஒரே ஒரு முறை அழுத்தினான். கதவு திறந்தது.

அதன் பிறகு நான் பார்த்ததெல்லாம் பாதங்கள். அம்மாளின் பாதங்கள் ஈரத்தில் வழுக்கியபடி குளியலறைக்குள் போயின. சத்தம் கேட்டது, பேச்சு புரியவில்லை. வெளியே வந்தபோது நான்கு பாதங்கள். இரண்டு நடந்தன, இரண்டு இழுபட்டன. அவள் கால் நகங்கள் மருந்தில் கறுத்துப்போயிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஒரு பெருவிரல் அசைந்தது. அசைந்ததா, இழுத்த இழுப்பில் ஆடியதா? காரைக் கிட்டே ஓட்டினேன். உயிர் இருக்கிறதா என்று ஒரு கால் விரலிடம் கேட்டுக்கொண்டு நடுரோட்டில் நின்றேன்.

ஒரு கை இறங்கி வந்து காரைத் தூக்கியது. "ஜிந்தா ஹை பாவு, ஜிந்தா ஹை. கப்டே நஹீ ஹை, மத் தேக்கோ. கர் ஆவ்." உயிரோடு இருக்கிறாள், உடம்பில் துணி இல்லை, பார்க்காதே, வீட்டுக்கு வா. சொல்லிவிட்டுக் காரைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டார்.

ஷேர் ஆட்டோ மாறி, பஸ் மாறி வந்த வழியெல்லாம் கைப்பேசியில் எங்கள் வீட்டுச் சுவர் தெரிந்துகொண்டிருந்தது. பெயின்ட் உரிந்த ஒரு திட்டு. அதை அணைக்கத் தைரியம் வரவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது போர்வைக்குள் கிடந்தாள். பிரஷர் இறங்கியிருக்கிறது என்று கீழ்வீட்டு டாக்டர் பார்த்துச் சொல்லியிருந்தார். குளிக்கும்போது தலைசுற்றி உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை.

"எனக்குக் கேட்டுச்சுங்க" என்றாள். "கதவுக்கு வெளிய அது ஊதிக்கிட்டே நின்னுச்சு. எனக்குத்தான் குரல் வரல. நான் போயிட்டாலும் இது இப்படியே ஊதிக்கிட்டு நிக்குமேன்னு நெனச்சேன்."

"சார்ஜ் இருக்கற வரைக்கும்தான் ஊதும்" என்றேன். என் வாய் அப்படி வளர்ந்த வாய்.

அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு நீங்க வீட்ல இருங்க" என்றாள். அத்தனை மாதத்தில் அவள் தனக்கென்று என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது.

சம்பளமில்லாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். இப்போது அவள் குளிக்கும்போது கதவு பாதி திறந்திருக்கும். வெளியே ஸ்டூல் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். இந்த உடம்பைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். வாளியில் குவளை முங்கும் சத்தம் வந்துகொண்டிருக்கும்வரை நான் தைரியசாலி. நின்றால் போச்சு.

"என்னாச்சு?"

"சோப்பு போடறேன்."

மறுபடி நிற்கும்.

"என்னாச்சும்மா?"

"இன்னும் சாகலங்க. கத்தாதீங்க."

சில நாள் பதில் வர நேரமாகிறது. திரும்பக் கூடாது. சுவரைப் பார்த்தபடி, அடுத்த குவளை முங்குகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.