வெர்டி அத்தை கிள்ளிய செடிகள்

ஜூன் பிறந்துவிட்டால் வெர்டி மெஸ்ஸரின் வலது கை சும்மா இராது. காட்டுப் பாதையில் குனிந்து ஒரு தண்டைக் கிள்ளுவாள்; இலையைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொள்வாள். மருந்துக் கிழங்குக்காக நல்ல விலை போகும் ஜின்செங் செடி திருடர் கண்ணில் படக் கூடாது. இலை போனாலும் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். அடுத்த வசந்தத்தில் முளைக்கும். அண்ணன் மகள் ட்ரீனா நினைவு தெரிந்த நாளாகப் பார்த்துவந்த பழக்கம் இது.

அதுவே இந்த ஜூலையில் வினையானது.

வட கரோலினா மலைமடிப்பில் இருக்கும் சிறு பள்ளத்தாக்கான மெஸ்ஸர் குடைவுக்குப் பேர்தான் மெஸ்ஸர். நிலம் தாத்தா காலத்திலேயே அரசாங்கக் காடாகிவிட்டது. அங்குள்ள பெருமரங்களை ஏலம் விடலாமா என்று பார்க்க வனத்துறையினர் செடிக் கணக்கு எடுத்தார்கள். பாதுகாப்புப் பட்டியலிலுள்ள ஜின்செங் போன்ற அரிய செடி ஒன்றாவது இருந்தால் ஏலம் நிற்கும். கயிறு கட்டி, கட்டம் கட்டமாக எண்ணியவள் ட்ரீனா. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். ஜின்செங்குக்கு நேரே பூஜ்யம் போட்டிருந்தாள்.

"நீ நிக்கிற எடத்துலேயே நாப்பது இருக்குடி!"

"கண்ணுல பட்டாத்தான் அத்தை எழுத முடியும். நீங்கதான் எல்லாத்தையும் மொட்டையடிச்சு வச்சிருக்கீங்களே."

"இத்தன வருஷம் படிச்சியே, மண்ணுக்குக் கீழ பாக்க யாரும் சொல்லித் தரலியா?"

"தோண்டக் கூடாதும்மா, சட்டம்" என்றார் கூட வந்த வன அதிகாரி ஹாஸ்கின்ஸ்.

வெர்டி மண்டியிட்டாள். பேனாக்கத்தியால் மண்ணை நெகிழ்த்தி ஒரு கிழங்கை உருவினாள். அதன் கழுத்தில் வரிசையாகத் தழும்புகள். "வருஷத்துக்கு ஒண்ணு. எண்ணிக்கோ."

முப்பத்தொன்று இருந்தன.

"இதுக்கு அபராதம் எழுதியாகணும்மா."

"தாராளமா எழுது தம்பி. என்ன செடி, எந்தக் கட்டம், எத்தன வயசு, ஒண்ணு விடாம எழுது. கீழ கையெழுத்தும் போடு."

அவருடைய பேனா பாதியில் நின்றது. பிறகு, வேறு வழியில்லாமல், எழுதியது. கிழங்கைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். ட்ரீனா பூஜ்யத்தை அடித்து 'ஒன்று' என்று எழுதி, பக்கத்தில் அபராதச் சீட்டின் எண்ணைக் குறித்தாள். ஏலம் நின்றது.

கிழங்கு எடுத்தவர் அந்தக் குழியிலேயே ஜின்செங்கின் சிவந்த பழங்களை விதைக்காகப் புதைக்க வேண்டும். குடைவுக்காரர்களின் முறை அது. ஜூலையில் பழம் ஏது? "செப்டம்பர்ல தந்துடுறேன்" என்று குழியைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் வெர்டி எழுந்தாள். ஆகஸ்டில் அவள் இதயம் நின்றுவிட்டது.

செப்டம்பரில் ட்ரீனா பழம் தேடிப் போனாள். குடைவெங்கும் ஒன்றுகூட இல்லை. அத்தை ஒரு செடி விடாமல் கிள்ளியிருந்தாள். குழி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.