உதட்டைத் தளர விடுங்க!

அடுத்தவர் சிரிப்பைக் கோணமானி வைத்து அளந்து சோறு தின்கிற தொழில் என்னுடையது. பல்லுக்குக் கம்பி போட்டவர்களே, போட்டுவிடுகிறவர்களே, நம் பாடு நமக்குத்தானே தெரியும்!

பூட்டிய வாய்

தேவராஜ மொஹல்லாவில் என் கிளினிக்குக்கு எதிரே ஒரு பட்டுப் புடவைக் கடை. அதன் உள் அறையில் புடவை மடித்துக்கொண்டிருந்தவள் மஞ்சுளா, தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்ப் பெண். முன் கவுண்ட்டரில் நின்று விற்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் மேல் முன்பற்கள் முந்திக்கொண்டு வரும் என்று யாரிடமும் பேசவே மாட்டாள்.

ஒருநாள் அந்தப் பல்லைச் சரிசெய்துகொள்ள அவளே என்னிடம் வந்தாள். பக்கவாட்டு எக்ஸ்ரேவுக்கு உதடு இயல்பாக இருக்க வேண்டும். "உதட்டைத் தளர விடும்மா, அப்பத்தான் சரியா அளக்க முடியும்" என்றேன். "துடி சடில பிடம்மா" என்று அதையே கன்னடத்திலும் சொல்லிக் கெஞ்சினேன். அவளோ உதட்டை இழுத்துப் பூட்டிக்கொண்டு, மோவாய் சுருங்க நின்றாள். என்ன பிடிவாதம் என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. கடைசியில் வாய்க்குள்ளேயே சொன்னாள்:

"விட்டா பல்லு வெளிய தெரியுமுங்க டாக்டரம்மா. வீட்டுலகூட நான் விட்டதில்லீங்க."

நூற்றுக்கு மேல்

அதைக் கேட்டபின் கோபமாவது, ஒன்றாவது! பொறுமையாகப் பேசிப் பேசிப் படத்தை எடுத்துவிட்டேன். காதுத் துளையிலிருந்து கண்குழியின் அடி வரை ஒரு கோடு, முன்பல்லின் நெடுக்கே ஒரு கோடு. இரண்டும் சேரும் கோணம் நூற்றுப்பத்தை ஒட்டி இருந்தால் நல்லது. இவளுக்கு நூற்று இருபத்தேழு.

ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த அவள் அப்பாவிடம் இதை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னேன். மனுஷர் மீசையைத் தடவியபடி மகளைப் பெருமையாகப் பார்த்தார்.

"நூத்தி இருபத்தேழுங்களா! பள்ளிக்கூடத்துல முப்பத்தஞ்சு வாங்கறதுக்கே இவளுக்கு மூச்சு வாங்குச்சுங்க!"

என் முறை

மஞ்சுளாவுக்குக் கம்பி போட்டு, அதைக் கழற்றிய அன்று கோணம் நூற்றுப் பன்னிரண்டு. சில மாதம் கழித்து, தங்கை கல்யாணத்துக்குக் கட்டிக்கொள்ளப் புடவை எடுக்க எதிர்க்கடைக்குப் போனேன். முன் கவுண்ட்டரில் மஞ்சுளா! பக்கத்தில் நின்ற அம்மாளிடம் கன்னடம், என்னிடம் தமிழ், வாய் ஓயவில்லை. சிரித்தபோது கை வாய்ப்பக்கம் போகவே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு மாம்பழ நிறப் பட்டைத் தோளில் போட்டுக்கொண்டு விலைச்சீட்டைத் திருப்பினேன். என் உதடு தானாக இறுகிக்கொண்டது. மஞ்சுளா கவுண்ட்டர் மேல் குனிந்து, அப்படியே என் தோரணையில் சொன்னாள்:

"உதட்டைத் தளர விடுங்க டாக்டரம்மா, அப்பத்தான் சரியா அளக்க முடியுமுங்க."

பல்லைப் பதினைந்து டிகிரி பின்னால் தள்ளினால் ஆள் முன்னால் வந்து நிற்பாள் என்று எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்லித் தந்த மஞ்சுளாவுக்கு நான் கட்டிய தட்சிணை என் பீரோவில் மாம்பழ நிறத்தில் தொங்குகிறது.