ஆளுக்கு ஒரு மார்க்

என் மகனுக்கு பிஎஸ்எல்இ முடிவு வந்த அன்று மதுரையிலிருந்து அத்தை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். அப்பாவின் தங்கை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் தேர்வு அது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மார்க் மட்டும்தான் புரியாது.

"எத்தனைடி எடுத்தான்?"

"பத்தொன்பது அத்தை."

அத்தையின் குரல் இறங்கிவிட்டது.

"நூத்துக்கா?"

"ஐயோ, இல்ல அத்தை. முப்பத்திரண்டுக்கு."

"அப்ப பாதிக்கு மேலதான். பரவால்லயே!"

"இங்க குறைஞ்சாத்தான் நல்லது அத்தை. நாலு வாங்கினவன்தான் ஃபர்ஸ்ட்."

"குறைஞ்சா நல்லதுங்கறதுக்கு இதென்னடி, சுகரா?"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. விளக்கிப் பார்த்தேன். நாலு பாடம், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து எட்டு வரை ஒரு எண், நாலையும் கூட்டினால் மொத்தம். தொண்ணூறும் அதற்கு மேலும் என்றால் ஒன்று. அதற்குக் கீழே ஐந்து மார்க்குக்கு ஒரு படி என்று ஒழுங்காக இறங்கி வருவார்கள். எழுபத்தைந்துக்குக் கீழே போனதும் என்ன வந்ததோ தெரியவில்லை, படி அகலமாகிவிடும். அறுபத்து நாலு வாங்கிய பிள்ளைக்கும் ஆறு, நாற்பத்தைந்து வாங்கிய பிள்ளைக்கும் ஆறு. என் மகன் கணக்கில் வாங்கியது அந்த ஆறுதான். அவன் எந்த ஓரத்தில் நின்றான் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். "அண்ணன் இருந்திருந்தா எனக்குப் புரியற மாதிரி சொல்லியிருக்கும்."

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அத்தை சொன்னது உண்மைதான். அப்பா அவருக்குப் புரிகிற மாதிரித்தான் சொல்லியிருப்பார். ஆனால் புரிகிற மாதிரி சொல்வதில் அப்பாவுக்கு ஒரு தில்லுமுல்லு இருந்தது.

அப்போது நாங்கள் புக்கிட் மேராவில் ஒரு மூவறை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் வேலை. நான் உயர்நிலைப் பள்ளியில் வழக்கநிலை மாணவி. எங்களைவிட ஒரு வருடம் முன்னதாக பள்ளியின் கடைசித் தேர்வான ஓ நிலையை எழுதுகிறவர்கள் விரைவுநிலை. மார்சிலிங்கில் இருந்த பெரியப்பா மகன் விரைவுநிலை. போதாதா? பெரியம்மாவுக்கு வாய் நிறைய அவல்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மார்க் போட மாட்டார்கள். விரைவுநிலைக்கு ஓ நிலை ஏணி: ஏ ஒன், ஏ டூ, பி த்ரீ என்று இறங்கி எஃப் நைனில் போய் முடியும். ஐம்பது வாங்கினால் சி சிக்ஸ், அதோடு பாஸ் சரி. அதற்குக் கீழே டி செவன், ஈ எய்ட் என்று இன்னும் இரண்டு படி உண்டு. ஃபெயில்தான், ஆனாலும் விழுந்த இடத்துக்கு ஒரு பெயராவது இருக்கும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெறும் எண், ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஐம்பதுக்குக் கீழே போனால் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்து, யூ. நாற்பத்தொன்பதும் யூ, ஒன்பதும் யூ. எனக்குக் கணக்கு வராது. ஆகவே யூவும் நானும் ரொம்ப நெருக்கம்.

அப்பா இதையெல்லாம் நன்றாகப் படித்து வைத்திருந்தார், எனக்காக அல்ல, சொந்தக்காரர்களுக்காக! நான் நாற்பத்திரண்டு வாங்கினால் மதுரை அத்தையிடம் மார்க்கை அப்படியே சொல்வார். அங்கே முப்பத்தைந்து வந்தால் பாஸ். அத்தையும் மகிழ்ந்துபோய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார். பெரியம்மாவிடம் நாற்பத்திரண்டு என்று சொன்னால் குட்டு உடைந்துவிடும். அதனால் அவரிடம் எங்கள் யூவை எடுக்காமல், ஓ நிலை ஏணியில் அது எந்தப் படியோ அதைச் சொல்வார். வேறொரு முறை ஐம்பத்திரண்டு வாங்கினேன். வழக்கநிலையில் அது ஐந்து, ஓ நிலையில் சி சிக்ஸ். பெரியம்மாவிடம் "அஞ்சு அண்ணி" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். பெரியம்மா அதை சி ஃபைவ் என்று எடுத்துக்கொண்டார். மெனக்கெட்டு ஒரே ஒரு படி லாபம்! அந்த ஒரு படிக்கு அப்பா முகத்தில் தெரிந்த திருப்தியைப் பார்க்க வேண்டுமே.

முதலில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. உயர்நிலை மூன்றுக்கு வந்ததும் எரிச்சலாகிவிட்டது. ஏன் பூசி மெழுகுகிறார்? என்னைப் பார்த்தால் அவருக்கு அவ்வளவு கேவலமாக இருக்கிறதா? இந்தக் கேள்வி உள்ளே புகுந்துகொண்டு என்னைப் பிடுங்கித் தின்றது.

அந்த வருடம் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா போயிருந்தோம். வருடக் கடைசித் தேர்வு முடிவும் அந்த வாரம்தான் வந்திருந்தது. இங்கே தீபாவளியும் மார்க்கும் எப்போதும் கைகோத்துக்கொண்டுதான் வரும். கேம்பல் லேனில் கூடாரக் கடைகள், கால் வைக்க இடமில்லை. அப்பா கையில் முறுக்கு டின், என் கையில் மாவிலைத் தோரணம். பூக்கடை முன்னால் பெரியம்மா எதிரே வந்தார். நலம்கூட விசாரிக்கவில்லை.

"என்ன தம்பி, பாப்பாவுக்கு ரிசல்ட் வந்திருக்குமே? நம்ம வீட்டுல மேத்ஸ் ஏ ஒன் லா."

"ரொம்ப சந்தோஷம் அண்ணி. பாப்பா மத்ததெல்லாம் நல்லா செஞ்சிருக்கா. மேத்ஸ்தான் கொஞ்சம்... ஈ எய்ட்."

"அடுத்த தடவை டி செவன், அப்புறம் சி சிக்ஸ். வந்துரும் வந்துரும்" என்றார் பெரியம்மா.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "ஈ எய்ட் இல்ல பெரியம்மா, யூ. நாற்பத்திரண்டு. எங்க கிளாஸ்ல ஃபெயிலுக்குப் பேரெல்லாம் வைக்க மாட்டாங்க" என்று கத்திவிட்டேன். பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். பெரியம்மா "அட, எதுக்கு மா கோவப்படுறே" என்று நழுவிவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் ஏறினோம். நான்தான் ஆரம்பித்தேன். "இனிமே என் மார்க்கை மாத்திச் சொல்லாதீங்கப்பா. என்னை நெனச்சா வெட்கமா இருந்தா, பேசாம இருங்க."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "சரி மா" என்றார், அவ்வளவுதான். வெட்கம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பிறகு நானும் கேட்கவில்லை.

மறு வருடம் தட்டுத் தடுமாறிக் கணக்கில் ஐந்து வாங்கி, ஐந்தாம் ஆண்டுக்குப் போனேன். அந்த ஆண்டு ஓ நிலை. எனக்கு மருந்தகப் படிப்பு படிக்க வேண்டும். அம்மாவோடு அரசாங்க மருத்துவ நிலையமான பலதுறை மருந்தகத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்த நாள்களில், கண்ணாடிக்குப் பின்னால் நின்று மாத்திரைப் பொட்டலத்தில் எழுதிக் கொடுக்கும் அக்காக்களைப் பார்த்தே வளர்ந்த ஆசை அது. அந்தப் படிப்புக்குக் கணக்கில் சி சிக்ஸ் வேண்டும். ஒரு படி குறைந்தாலும் கதவு சாத்தியாகிவிடும்.

அந்த ஆண்டை நினைத்தால் இன்றைக்கும் டென் இயர் சீரிஸின் காகித வாசம் வருகிறது. பழைய கேள்வித்தாள்களைச் சேர்த்துப் போட்ட அந்தப் புத்தகத்தைத் தொடாமல் இந்த ஊரில் யாரும் ஓ நிலை எழுதியதில்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கல்மேசையில் உட்கார்ந்து போடுவேன். அப்பா வேலை முடிந்து வந்து, குளித்து, விபூதி பூசிக்கொண்டு எதிரே உட்காருவார். கணக்கு அவருக்கும் வராது. விடைப்பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் சொல்லும் விடை சரியா என்று மட்டும் பார்ப்பார். சரியாக வந்தால் மேசையைத் தட்டுவார். தப்பென்றால் "இன்னொரு தடவ பாரு மா" என்பார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார், பாவம். பக்கத்தில் சதுரங்கம் ஆடும் சீனத் தாத்தாக்களுக்கு எங்கள் மேசை சத்தம் பழகிப்போய்விட்டது. அதைவிட நல்ல மாலைகள் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

பள்ளியின் முன்னோட்டத் தேர்வில் எஃப் நைன் வந்தது. நானும் அப்பாவும் மறுநாளே மேசைக்குத் திரும்பிவிட்டோம்.

ஜனவரியில் ஓ நிலை முடிவு. பள்ளி மண்டபத்தில் ஆசிரியை சீட்டை நீட்டியதும் கண் நேராகக் கணக்குக்குத்தான் போனது. டி செவன். ஓ நிலைச் சீட்டில் மார்க் இருக்காது, எழுத்தும் எண்ணும் மட்டும்தான். நாற்பத்தைந்தா, நாற்பத்தொன்பதா? ஒரே ஒரு மார்க்கில் போனதா? கேட்டுச் சொல்ல ஆளில்லை. தமிழில் ஏ ஒன் இருந்ததைக் கூட வீட்டுக்கு வரும் வழியில்தான் கவனித்தேன்.

அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். சீட்டை வாங்கிப் படித்தார். மடித்துத் திரும்பக் கொடுத்தார். "சாப்பிடு மா" என்றார். நான் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது. மார்சிலிங்தான், வேறு யார்? அந்த நிமிடம் நான் வேண்டிக்கொண்டது என்ன தெரியுமா? அப்பா, ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள். தமிழில் ஏ ஒன் என்று சொல்லுங்கள். லைன் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்றாவது சொல்லுங்கள்.

"ஆமா அண்ணி, வந்துருச்சு. கணக்குல டி செவன்... இல்ல, பாஸ் இல்ல. அவ கேட்ட கோர்ஸ் கிடைக்காது. திரும்ப எழுதுவா."

எழுந்து ஓடிவந்தேன். "இன்னைக்கு ஒரு நாளாவது மாத்திச் சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

அப்பா ரிசீவரை வைத்தார். கண் கலங்கியிருந்தது. "நீ பஸ்ஸுல கேட்டியே மா, வெட்கமா இருக்கான்னு. அன்னைக்கு எனக்கு வாயே வரல. உன்னை யாரும் ஒரு சொல்லு சொல்லிடக் கூடாதுன்னுதான் மாத்தி மாத்திச் சொன்னேன். அது உனக்கு அப்படிப் பட்டுருச்சுன்னு எனக்குத் தெரியாது. இன்னைக்கும் மாத்திச் சொன்னா, நீ நெனச்சதுதான் நெசம்னு ஆயிடும்ல?"

நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். மறு வருடம் தனியாகத் தேர்வு எழுதி சி சிக்ஸ் வாங்கினேன். மருந்தகக் கண்ணாடிக்குப் பின்னால்தான் இன்று வேலை. ஆனால் அதெல்லாம் அப்புறம். அன்றைக்கு நான் அழுது முடிக்கும் வரை அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு வெளிநாட்டுக்குப் பேசும் காலிங் கார்டைச் சுரண்டி, எண்களை ஒவ்வொன்றாக அழுத்தி, மதுரைக்குப் போட்டார். அத்தை வழக்கம்போல் எத்தனை மார்க் என்று கேட்டிருக்க வேண்டும்.

"மார்க் இல்லம்மா, இங்க எழுத்துதான். கணக்குல ஃபெயில். ஆமா, ஃபெயில்தான். மத்ததெல்லாம் பாஸ், தமிழ்ல முதல் கிரேடு. இந்தா, பக்கத்துலதான் இருக்கா என் பொண்ணு, பேசு."

அந்தக் குரலில் எங்கேயாவது ஒரு துளி வெட்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இல்லை. ரிசீவரை வாங்கி, "ஃபெயில் அத்தை" என்று நானே சொன்னேன்.