லொங்குய்ய் வீட்டில் நிலக்கரிச் சாம்பிராணி

என் சம்பந்தி வெள்ளைக்காரர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். கனடாவின் கிழக்குக் கரையில், கேப் பிரெட்டனில், கடலுக்கு அடியில் ஓடிய சுரங்கத்தில், தகப்பனுக்குப் பின்னால் இறங்கியவர். அங்கே சுரங்கங்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே வந்து, கடைசியில் அவருடையதையும் பூட்டிவிட்டார்கள். அவர் பேசுகிற ஆங்கிலத்தில் பாதி எனக்கு விளங்காது. என் ஆங்கிலத்தில் முக்கால்வாசி அவருக்கு விளங்காது. ஆனாலும் எங்களுக்குள் மனத்தாங்கல் வந்ததில்லை. மனத்தாங்கல் வருவதற்கும் கொஞ்சமாவது விளங்க வேண்டுமே!

முதல்முறை வீட்டுக்கு வந்தபோது, சாப்பாட்டுக்கு முன் அவரைக் கை கழுவ அனுப்பினேன். எவராயிருந்தாலும் கழுவாத கையோடு என் சோற்றைத் தொட முடியாது. கழுவிவிட்டு வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். சுரங்கத்திலிருந்து வந்ததும் காலஞ்சென்ற மனைவி அப்படித்தான் காட்டச் சொல்வாராம். அன்றைக்கே எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். மொன்ட்ரியாலில் தை பிறந்தால் வழியெல்லாம் பனிதான். அந்தப் பனிக்குள்தான் மகளும் மருமகனும் லொங்குய்யில் வாங்கிய வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் வைத்தார்கள். சம்பந்தி தனியாகக் காரோட்டி வந்து சேர்ந்தார். நிறைகுடம் வைத்த வாசலில் நின்று, கோட்டுப் பைக்குள் கைவிட்டு, கடதாசியில் சுற்றிய ஒரு கறுப்புக் கட்டியை எடுத்து மகளின் கையில் கொடுத்தார்.

எனக்குத் திக்கென்றது. நல்ல காரியத்துக்கு வந்த மனுசன் கரியோடு படியேறுகிறாரே!

மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "அம்மா, முகத்தை அப்பிடி வைச்சிருக்காதேங்கோ. அவையின்ர ஊரில புது வருசத்துக்கும் புது வீட்டுக்கும் கரி கொண்டுதான் வருவினம். அடுப்பு அணையக்கூடாது எண்டு. இது சுரங்கம் பூட்டின அண்டைக்கு மாமா தன்ர சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள வைச்சு மேல கொண்டுவந்தது. அவரிட்ட இருக்கிறது இந்த ஒண்டுதான்."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. பொரித்த மீனைக் கட்டிக் கொடுக்கும்போது பேய் அண்டாமல் கரித்துண்டு வைத்து அனுப்புகிற ஆள்தானே நானும்? மெட்ரோவிலும் பேய் ஏறுமா என்று மகள் சிரிப்பாள். ஏறாது என்று யார் கண்டது? மகள் அந்தக் கட்டியைத் தட்டில் வைத்து, சாமிப் படங்களுக்கு முன்னால் பக்குவமாக வைத்தாள்.

இவ்வளவும் நடந்தபோது என் கணவர் வெளியே கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். அதுதான் வினை.

இவரும் வந்து சேர, கூடத்தில் வைத்த சின்னக் காஸ் அடுப்பில் பால் நன்றாகப் பொங்கியது. அடுத்தது சாம்பிராணி. இவர் சாமியை மறந்தாலும் சாம்பிராணியை மறக்க மாட்டார். அதற்கான கரிப் பெட்டியை மட்டும் மொன்ட்ரியால்-நோரிலுள்ள எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நான் பொங்கலைப் பார்க்கச் சமையலறைக்குள் போனேன்.

கொஞ்ச நேரத்தில் தார் காய்ச்சியது போல ஒரு மணம். புகை கண்டால் கத்துகிற பெட்டி பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கத்தத் தொடங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்பின் மேல் அந்தக் கட்டி பாதி சிவந்து கிடக்கிறது. இவர் அதன்மேல் சாம்பிராணியைத் தூவிக்கொண்டு நிற்கிறார்.

"பிள்ளை எல்லாம் யோசிச்சு எடுத்து வைச்சிருக்கு, பாரும். ஆனா இந்தக் கரிக்குப் பத்துறதெண்டால்தான் சரியான பஞ்சி, லேசில பிடிக்குதில்லை" என்றார்.

"ஐயோ அப்பா! அது மாமான்ர கரி!"

மகள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, இவருடைய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. மருமகன் யன்னல்களையெல்லாம் திறந்தான். குளிர் உள்ளே பாய்ந்தது. சம்பந்தி கதவடியில் நின்று நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. இவரோ, வேறொன்று வாங்கித் தருகிறேன் என்று தன் ஆங்கிலத்தில் தடுமாறினார்.

"எந்தக் கடையில்?" என்று சம்பந்தி மெதுவாகக் கேட்டார். அது எனக்கே விளங்கியது.

மருமகன் அணைப்பதற்குத் தண்ணீர் கொண்டு ஓடிவந்தான். சம்பந்தி அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு குனிந்து, அந்தப் புகையை நெஞ்சு நிறைய இழுத்தார். இன்னொரு தரமும் இழுத்தார். அப்புறம் வீடு அதிரச் சிரித்தார். சிரித்தபடியே என்னவோ சொன்னார்.

மகள் தமிழில் சொன்னாள்: "மாரிக் குளிர் முழுக்க அவையின்ர ஊர் இப்பிடித்தானாம் மணக்கும். சுரங்கம் பூட்டின பிறகு ஒருத்தரும் கரி எரிக்கிறேல்லையாம். எரிக்கத்தானே வெட்டினது, இவ்வளவு காலமும் நான்தான் அதைத் தன்ர வேலையைச் செய்யவிடாமல் பொத்தி வைச்சிருந்தனான் எண்டு சொல்லுறார்."

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேட்க வேண்டுமா? இவர் கட்டியை இடுக்கியால் தூக்கித் தூபக்காலில் வைத்தார். சம்பந்தி இவருடைய கையைப் பிடித்து அறை அறையாக இழுத்துக்கொண்டு போனார். படுக்கையறை, குளியலறை, நிலவறை, உடுப்பு அலுமாரி, ஒன்றும் மிச்சமில்லை. பெட்டி இரண்டு மொழியிலும் கத்திக்கொண்டேயிருந்தது. நாங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு பால் குடித்தோம். சிரித்துச் சிரித்து எனக்கு விலா நொந்தது.

கட்டி எரிந்து தணிந்தது. நான் சாப்பாட்டுக் கோப்பைகளை அடுக்கிச் சோறு போட ஆயத்தமானேன். சம்பந்தி தூபக்காலில் கிடந்த ஆறிய கரித்தூளை அள்ளி, இரண்டு கைகளாலும் மெல்லத் தேய்த்தார். பிறகு என் முன்னால் வந்து, கறுத்த உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் குழாய்ப் பக்கம் கை காட்டவில்லை. அவருடைய கோப்பையில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றினேன். அவர் அந்தக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டார்.